மந்திரக்காரியும் மூன்று லினக்ஸ் அறைகளும்

பிரெயில் அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலாளரில் தொடங்கி, காகிதக் கட்டு இறக்க வரும் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் மந்திரக்காரிதான். கணினி முன்னால் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் முழ நீளத்துக்கு எதையோ தட்டுவாள். கடைசியில் விரலைத் தூக்கி ஒரு போடு போடுவாள். உடனே பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் உறுமிக்கொண்டு எழும். பார்ப்பவர்களுக்கு அது மந்திரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பட்டப்பெயர் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. "சும்மா இருங்கப்பா" என்று வெளியே சொல்லிக்கொள்வாள். உள்ளே உச்சி குளிர்ந்துபோகும்.

அச்சகம் என்றதும் மை வாசனையை நினைத்துவிடக் கூடாது. இங்கே மையே கிடையாது. தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுப்புகிற இடம் இது. பார்வையில்லாத பிள்ளைகள் அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பார்கள். இயந்திரம் போடுகிற கூச்சல் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அதை மரப்பெட்டிக்குள் அடைத்து, உள்ளே பஞ்சு மெத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அப்படியும் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அவள் இங்கே தட்டச்சு செய்யத்தான் வந்தாள். பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவதோடு அவள் வேலை முடிந்துவிடும். இயந்திரத்தைச் செய்த நிறுவனம் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பழுது பார்க்க வந்துகொண்டிருந்தவரும் "இதெல்லாம் இனி யாருக்கும் தெரியாதுங்க" என்று கையை விரித்துவிட்டார். எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, "நான் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்று கேட்டவள் இவள் ஒருத்தி. அந்தக் கொஞ்சம் பிறகு வாழ்நாள் வேலையாகிவிட்டது.

தொல்லை என்னவென்றால், ஒரு புத்தகம் வெளியே வர, கணினியை இயக்குகிற லினக்ஸ் என்னும் மென்பொருளில் மூன்று வகை வேண்டும். முதலாவது, கிழம். அச்சு இயந்திரத்துடன் பேசத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைப் புதுப்பிக்கப் போனால் பேச்சையே மறந்துவிடும். இரண்டாவது, எழுத்தையும் கணக்கையும் பிரெயிலாக மாற்றித் தருவது. அது ரொம்பப் பழசும் ஆகாது, ரொம்பப் புதுசும் ஆகாது என்கிற ரகம். மூன்றாவது, வட்டம், முக்கோணம், வரைபடம் ஆகியவற்றைப் புடைப்புக் கோடுகளாக ஆக்குவது. அதற்கு எப்போதும் புத்தம் புதியதுதான் வேண்டும். மூன்றுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஒன்றின் மனம் கோணாமல் எதையாவது செய்தால் மற்றொன்று படுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் ஒரே கணினியில் மூன்றையும் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கணினியை அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும். ஒரு முக்கோணத்தில் பிழை என்றால் அணை, எழுப்பு, திருத்து. மறுபடி அணை, எழுப்பு, மாற்று. மறுபடி அணை, எழுப்பு, அச்சடி. நாள் முழுக்கக் கணினி எழுந்ததும் தூங்கியதும்தான் மிச்சம். பிறகுதான் ஒரே லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் மற்ற லினக்ஸ்களைத் தனித்தனி அறைகளாகக் குடிவைக்கலாம் என்று தெரிந்துகொண்டாள். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கன்டெய்னர் என்பார்கள். அவள் அறை என்றே சொன்னாள். ஓர் அறையில் இடி விழுந்தாலும் அடுத்த அறையில் விளக்கு அணையாது.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இத்தனை வருஷம்? மூணு வீட்டுக்கும் தனித்தனி வால்வு போடணும்னு என்கிட்ட கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே" என்றார்.

"ஆமா, வந்துட்டாரு. போய் நம்ம சமையலறைக் குழாய் சொட்டுறதைப் பாருங்க" என்றாள் அவள்.

அறைகளை எழுப்பவும், கோப்பை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோகவும், இயந்திரத்தைக் கிழத்திடம் ஒப்படைக்கவும் அவள் தட்டுகிற வரிகள்தான் அந்த மந்திரம். எல்லாம் அவள் மண்டைக்குள்ளேதான் இருந்தன. அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவள் இல்லாவிட்டால் அச்சகம் ஓடாது என்று மேலாளர் சொல்லும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொள்வாள். அதையே வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டு தடவை சொல்வாள்.

அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவள் மகள். மகளுக்கு முதல் பிரசவம் ஆனபோது அச்சகத்தில் பாடப்புத்தகக் காலம். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டிய ஊர். போகத் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மூன்றாவது அறை படுத்துக்கொண்டது. மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் போகவில்லை. பேரனை அவள் முதன்முதலாகத் தூக்கியபோது அவன் குப்புற விழப் பழகியிருந்தான். மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு முள்ளாகத் தைத்தது.

இப்போது இரண்டாவது பிரசவம். மகள் ஒருநாள் தொலைபேசியில் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்.

"இந்தத் தடவையாவது வருவியாம்மா?"

"கண்டிப்பா வருவேன்."

"வேலை இருந்தா பரவால்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

அந்தச் சும்மா அவளை அன்று சாப்பிட விடவில்லை. மறுநாள் காலை நேரே மேலாளரிடம் போய் விடுப்பு கேட்டாள். மேலாளருக்கு முகம் விழுந்துவிட்டது. பள்ளி திறக்கிற நேரம். கணக்குப் புத்தகம் அச்சில் இருந்தது.

"நீங்க போயிட்டா மந்திரம் யாரு போடுறதுக்கா?"

"மந்திரமே இல்லாம பண்ணிட்டுப் போறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தனக்கே உறைத்தது. தன்னிடம் மட்டும் இருந்த ஒன்றை எல்லோர் கையிலும் கொடுக்கப் போகிறாள். கொடுக்க மனம் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் மகளின் சும்மா அதைவிடப் பெரிதாக இருந்தது.

யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை நாற்காலியை விட்டு எழாதவர் அங்கே ஒருவர்தான்: பிழை திருத்துபவர். பிறவியிலேயே பார்வையில்லை. அச்சான தாளை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, சரியாக இருந்தால் "போகட்டும்" என்பார், இல்லாவிட்டால் "தள்ளுபடி". அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் அவர் பெயர் நீதிபதி. வாய் கொஞ்சம் அதிகம். தேநீர் ஆறிப்போயிருந்தால் அதற்கும் தள்ளுபடிதான்.

அவள் மும்முரமாக இறங்கினாள். கறுப்புத் திரைக்குப் பதிலாகக் கணினியில் ஒரு சாளரம். அதில் அறைக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் திற, மூடு, அச்சுக்கு அனுப்பு, நீக்கு, மறுபடி உருவாக்கு என்று பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால், முழ நீள வரியைச் சாளரமே உள்ளுக்குள் தட்டிக்கொள்ளும். ஆசை யாரை விட்டது? திறப்பதற்குப் பச்சைக் கதவு, மூடுவதற்குச் சிவப்புக் கதவு, அச்சுக்கு நீலத் தாள் என்று ஒவ்வொன்றுக்கும் தானே படம் வரைந்தாள். கிழத்தின் கட்டத்துக்கு ஒரு கைத்தடிகூட வரைந்தாள். வாயெல்லாம் பல்லாக மேலாளரைக் கூட்டி வந்து காட்டினாள். மேலாளர் கைதட்டியே விட்டார். வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அட, இதுல நானே புத்தகம் போட்ருவேன் போலிருக்கே" என்றார்.

நீதிபதி வந்து உட்கார்ந்தார். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவர் எப்போதும் காதுக்கருவியில்தான் கேட்பார். அன்று எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார். விசையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார்.

"பொத்தான்" என்றது குரல். "பொத்தான். பொத்தான். பொத்தான்."

வண்டிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இதுல எது கதவு, எது தாள்?" என்று கேட்டார் நீதிபதி.

அவள் திரையைப் பார்த்தாள். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் போடும் அச்சகத்தில், பார்வையில்லாதவர் உட்காரப் போகும் கணினிக்கு, படமாக வரைந்து தள்ளியிருக்கிறாள். ஒரு படத்துக்கும் பெயர் வைக்கவில்லை. இதை ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் வாய் வலிக்கத் திட்டியிருப்பாள்.

"உங்க கறுப்புத் திரையே தேவலை. அதுல எழுத்தாவது இருந்துச்சு, எனக்குப் படிச்சுக் காட்டும். தள்ளுபடி" என்று அவர் எழுந்துகொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கோபம் அவர்மீதா தன்மீதா என்று பிரித்தறிய முடியவில்லை. மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்து நீதிபதி பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க சார். உங்களுக்கு எப்படி வேணும்?"

"மொதல்ல பேரு வைங்க. அப்புறம், ஏதாவது கெட்டுப்போனா டிங்னு ஒரு மணி அடிச்சுட்டுச் சும்மா இருக்கக் கூடாது. என்ன ஆச்சு, நான் என்ன செய்யணும்னு வாயைத் திறந்து சொல்லணும். கைத்தடி எல்லாம் வேண்டாம்."

"கைத்தடி வரைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டிக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டார்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வந்தது. ஒவ்வொரு கோளாறுக்கும் பேசும் மொழியில் ஒரு வாக்கியம் வந்தது. 'அச்சு இயந்திரம் அணைந்திருக்கிறது. போய் இயக்கிவிட்டு, மறுபடி அனுப்புங்கள்' என்று சாளரம் பேசியது. நீதிபதி ஒரு கையில் தேநீர் இருக்க, மறு கையால் மூன்று அறைகளையும் திறந்து மூடினார். ஒரு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தானே அச்சுக்கு அனுப்பினார். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அவள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், கணினியின் குரல் கேட்டது.

"பழைய அறையை முழுவதுமாக நீக்கவா? ஆம். இல்லை."

பதறித் திரும்பினாள். "சார், என்ன பண்றீங்க?"

"கிழத்தை அழிக்கிறேன்" என்ற நீதிபதி, அவள் எழுந்து வருவதற்குள் ஆம் என்பதை அழுத்திவிட்டார்.

"பழைய அறை நீக்கப்பட்டது" என்றது குரல்.

அவள் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். "ஐயையோ! எத்தனை வருஷமாக் கட்டிக் காப்பாத்தினேன்! அதுல கை வைக்கவே நான் பயப்படுவேன், நீங்க பாட்டுக்கு..."

"அதனாலதான் அழிச்சேன்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நீங்க ஊருக்குப் போனதும் இது என்னைக்காவது படுத்துக்கும். மறுபடி உருவாக்குன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கீங்க. அதை அழுத்திப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தேனே. மத்த ரெண்டு அறைக்கும் அழுத்திப் பார்த்தேன்."

"கிழத்துக்கு?"

கிழத்துக்கு மட்டும் அவள் அழுத்திப் பார்த்ததில்லை.

"நீங்களே நம்பாத பொத்தானை நம்பி நான் எப்படி உங்களை அனுப்புறது, மந்திரம்? இது வரலைன்னா இப்பவே தெரியட்டும். நீங்க இங்க இருக்கும்போதே தெரியட்டும்."

வராவிட்டால் கணக்குப் புத்தகம் நின்றுபோகும். கிழத்தைக் கையால் மறுபடி கட்டி எழுப்ப எவ்வளவு காலம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்? பயணச்சீட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான். மகள் பரவால்லம்மா என்பாள். இதெல்லாம் ஒரே நொடியில் அவள் தலைக்குள் ஓடியது. நீதிபதி மறுபடி உருவாக்கு என்பதை அழுத்தினார். முன்பு எடுத்து வைத்த நகலிலிருந்து அறை எழ ஆரம்பித்தது. "கால் பாகம் முடிந்தது... பாதி முடிந்தது..." என்று குரல் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மேலாளர் வாசலில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "பழைய அறை தயார்" என்றதும் நீதிபதி ஒரு பக்கத்தை அனுப்பினார். மரப்பெட்டிக்குள் இயந்திரம் உறுமியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாளை எடுத்து நீதிபதியின் கையில் கொடுத்தாள். அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கி, கடைசி வரியில் நின்றது.

"விளிம்புல ஏறி உக்காந்திருக்கு. தள்ளுபடி."

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அவளுக்கு இந்த முறை பயம் வரவில்லை. காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இயந்திரத்தின் உருளையை மாற்றியபோது, அடி விளிம்பின் அளவை அறைக்குள் போய்க் கையாலேயே திருத்தியிருந்தாள். நகல் அதற்கு முன்பே எடுத்தது. அந்த விளிம்பு மட்டுமா? நினைத்துப் பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன: இங்கே ஓர் அளவு, அங்கே ஒரு திருத்தம், அவசரத்துக்கு ஒட்டுப் போட்டது, மறந்துபோனது. கைப்பக்குவம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டது இதைத்தான்.

அன்று முதல் அவள் ஒரு வழக்கம் வைத்தாள். அறைக்குள் போய் யாரும் எதையும் கையால் திருத்தக் கூடாது, அவளும் கூடாது. ஓர் அறையை அடியிலிருந்து எப்படிக் கட்டுவது என்கிற செய்முறையைக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தாள். எந்தத் திருத்தமானாலும் அந்தச் செய்முறையில்தான் செய்ய வேண்டும். பிறகு அறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். கிழத்தின் செய்முறைக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. அதன் ஒவ்வொரு பிடிவாதத்தையும் சொல்லாக மாற்றி எழுதினாள். எழுதி முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இப்ப நான் அழிக்கிறேன்" என்றாள். நீக்கு என்பதைத் தயங்காமல் அழுத்தினாள். அதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

அறை போயிற்று, அறை வந்தது. பெட்டி உறுமியது. தாள் வெளியே வந்தது. நீதிபதி கடைசி வரியை ஒன்றுக்கு இரண்டு முறை தடவினார். வேண்டுமென்றே காக்க வைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"போகட்டும்" என்றார். பிறகு அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீங்களும் போயிட்டு வாங்க" என்றார்.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கணவரும் கூடவே வந்து, பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தார். ஆனால் நாள் போகப் போக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைபேசியை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். அச்சகத்திலிருந்து ஓர் அழைப்பு இல்லை. ஒரு சந்தேகம் கேட்டுக்கூட யாரும் பேசவில்லை.

"போனையே உத்துப் பாத்துட்டு இருக்கியே, குழந்தை அதுல இருந்தா வரப்போகுது?" என்றார் கணவர்.

பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டாள். மேலாளர் எடுத்தார். பின்னால் மரப்பெட்டியின் உறுமலும், யாரோ கட்டு தூக்கும் சத்தமும் கேட்டன.

"அக்கா, புத்தகம் வண்டியில ஏத்திட்டிருக்கோம். நேத்து கிழம் படுத்துருச்சு. நீதிபதி சார் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கட்டிட்டார், தேநீர் ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. சரிக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

அவள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் அவளைத் தேடவில்லை. கொஞ்சம் வலித்தது. வலித்த இடத்திலேயே பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தது; இப்படி ஒரு பெருமையை அவள் அதுவரை அறிந்ததில்லை. பல வருடம் மந்திரம் போட்டபோது வராதது, மந்திரம் இல்லாமல் ஆக்கிய பிறகு வந்திருக்கிறது. கணவரிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். அதற்குள் உள்ளேயிருந்து மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் மகளின் கட்டில் பக்கத்திலேயே நின்றாள். வலி வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு வலி அடங்கிய இடைவெளியில் மகள், வியர்த்த முகத்தோடு, அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல இருந்து போன் வந்தா வெளிய போய்ப் பேசிட்டு வாம்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் குனிந்து மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"வராதுடி" என்றாள். "வராத மாதிரி செஞ்சு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

மகள் அவளையே ஒரு கணம் பார்த்தாள். அடுத்த வலி வந்தது. அம்மாவின் கையை எலும்பு நோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்; அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, வாய்விட்டுக் கத்தினாள்.